உதிரிப்பூக்கள்: கடலூரிலும் புதுவையிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

நண்பர்கள் சிலர் சேர்ந்து கடலூரிலும் புதுச்சேரியிலும் பழைய தமிழ்ப் படங்களைத் திரையிட்டுப் பேசி வருகிறோம். சில மாதங்களில் பள்ளி வகுப்பறை கிடைக்கும். சில மாதங்களில் யாராவது ஒருவரின் வீட்டு மொட்டை மாடிதான் அரங்கம். மகேந்திரன் இயக்கி 1979 தீபாவளிக்கு வெளியான ‘உதிரிப்பூக்கள்’ நாங்கள் மிகுதியான தடவை திரையிட்ட படம். படம் முடிந்த பிறகு எழும் கேள்விகளில் பல, இடமும் ஆட்களும் மாறினாலும் மாறுவதில்லை. அவற்றையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூரில் சுந்தரவடிவேலு என்பவன் பெரிய மனிதன். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தாளாளன். அவன் மனைவி லட்சுமி நோயாளி, அதிர்ந்து பேசாதவள். இரண்டு சிறு குழந்தைகள். மனைவியின் தங்கை செண்பகத்தின் மேல் அவனுக்கு ஆசை விழுகிறது; மனைவியின் நோயையே காரணமாகக் காட்டி அவளை இரண்டாந்தாரமாகக் கேட்கிறான். மாமனார் மறுக்கிறார். செண்பகமோ பள்ளிக்கு வந்த இளம் ஆசிரியர் ஒருவரை விரும்புகிறாள். லட்சுமி இறந்துபோகிறாள், அவன் வேறொருத்தியை மணக்கிறான். குழந்தைகளின் மேல் உள்ள பாசத்தால் அவன் வீட்டுப் படியேறும் செண்பகத்தின் மானத்தை அவன் குலைக்கிறான். ஊர் திரண்டு அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. நீந்தத் தெரியாத அவன் ஆற்றில் இறங்கி மடிகிறான்.

சுந்தரவடிவேலுவாக விஜயனும், லட்சுமியாக அஸ்வினியும், செண்பகமாக மதுமாலினியும் நடித்தார்கள். பெண்களின் தந்தையாக வரும் சாருஹாசனுக்கு இதுவே முதல் படம்.

இந்தப் படத்துக்கும் கடலூருக்கும் தொடர்பு உண்டு என்கிறீர்களே, எப்படி?

படம் கடலூரைப் பற்றியது அன்று. ஆனால் அதன் விதை புதுமைப்பித்தன் எழுதிய ‘சிற்றன்னை’ என்னும் குறுநாவல். புதுமைப்பித்தன் பிறந்தது கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், 1906 ஏப்ரல் 25 அன்று. அவருடைய இயற்பெயர் விருத்தாசலம். நம் மாவட்டத்தார் பேருந்துப் பலகையில் அன்றாடம் படிக்கும் பெயர் அது. அதைத் தாங்கியிருந்த மனிதர்தான் தமிழ்ச் சிறுகதையைப் புரட்டிப் போட்டவர் என்று சொல்லும்போது, மாணவர்கள் பலர் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். தந்தையாரின் அரசாங்க வேலை காரணமாகக் குடும்பம் ஊர் ஊராக மாறி, 1918-இல் திருநெல்வேலிக்குத் திரும்பியது. ஆகவே அவர் எழுத்தில் ஒலிப்பது நெல்லைத் தமிழ்தான். பாடலீஸ்வரர் கோயில் தெருக்களில் அவருடைய குழந்தைக் காலடி பட்டிருக்கிறது என்பதற்கு மேல் நாம் உரிமை கொண்டாட ஒன்றுமில்லை. அந்த அளவே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சினிமாவுக்கும் அவருக்கும் இருந்த உறவு துயரமானது. படத்துக்கு வசனம் எழுதப் புனேவுக்குப் போன இடத்தில் காசநோய் முற்றி, 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் தம் 42-ஆவது வயதில் இறந்துபோனார். அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய குறுநாவல் ஒன்றிலிருந்து கிளைத்த படம் தமிழ்த் திரைக்கு ஒரு புது நடையைக் கற்றுக்கொடுத்தது.

குறுநாவல் அப்படியே படமாகியிருக்கிறதா?

இல்லை. குறுநாவலின் சுந்தரவடிவேலு பட்டணத்துப் பேராசிரியர், தாரமிழந்தவர். தாயில்லாக் குழந்தைகளுக்கும் புதிதாக வரும் மரகதம் என்ற இளைய தாரத்துக்கும் இடையிலான சிக்கலே அங்கு மையம். மகேந்திரன் எடுத்துக்கொண்டது தாயில்லாப் பிள்ளைகளின் தனிமையையும் சில பெயர்களையும்தான். பேராசிரியர் கிராமத்துத் தாளாளனாகிறான். பழி சுமக்கும் சிற்றன்னை ஓரத்துக்குப் போய், அதுவரை நிழலில் நின்ற தகப்பன் வெளிச்சத்துக்கு வருகிறான். மாற்றாந்தாய்க் கொடுமை என்பது தமிழில் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கதை. ஆனால் அந்தக் கொடுமை நிகழும் வீட்டில் தகப்பன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று நம் கதைகள் அவ்வளவாகக் கேட்டதில்லை. மகேந்திரன் அதைத்தான் கேட்டார் என்பது என் கருத்து.

ஊரே அவனுக்கு அடங்கிக் கிடக்கிறதே, அவ்வளவு அதிகாரம் அவனுக்கு எங்கிருந்து வந்தது?

படத்தில் அவனுக்கு அடியாட்கள் இல்லை, சவுக்கு இல்லை, பண்ணையாரின் மீசையும் இல்லை. வெள்ளை உடை உடுத்தி, கண்ணாடி அணிந்து, தாழ்ந்த குரலில் பேசுகிறான். அப்படியிருந்தும் அவன் எதிரே வருகையில் ஊர்க்காரர்களின் தோள்கள் தாமாகவே குறுகுகின்றன.

காரணம் பள்ளிக்கூடம். எங்கள் பக்கத்தில் தனியார் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரசு உதவி பெறும் பள்ளியில்கூடச் சம்பளத்தை அரசாங்கம் கொடுத்தாலும், நியமனம் நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது. தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருந்தபோதும், ஒரு கிராமத்து ஆசிரியருக்குத் தாளாளரின் முகச்சுளிப்பே ஆணையாக இருந்த காலம் அது. ஆசிரியரின் பிழைப்பு, பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் கும்பிடு ஆகிய மூன்றும் ஒரே மனிதனின் வாசலில் வந்து சேர்கின்றன. ஊருக்கு நல்லது செய்கிறவன் என்ற பெயரும் அந்த வாசலில்தான் அவனுக்குக் கிடைக்கிறது. வெளியே கிடைக்கும் அந்தக் கும்பிடுதான் வீட்டுக்குள் நுழையும்போது கொடுமையாக மாறுகிறது. ஏனென்றால் எவரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. வீட்டின் அதிகாரமும் ஊரின் அதிகாரமும் வெவ்வேறு அல்ல, ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் என்பதை இந்தப் படம் அளவுக்குத் தெளிவாகக் காட்டிய வேறு தமிழ்ப் படத்தை நான் அறியேன்.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன். அவன் பிறரை வருத்துவது பெரும்பாலும் எந்த லாபத்துக்காகவும் இல்லை. அடுத்தவர் முகம் வாடுவதைப் பார்ப்பதே அவனுக்கு நிறைவாக இருக்கிறது. பணத்துக்காகவோ நிலத்துக்காகவோ கொடுமை செய்பவனிடம் ஒரு பேரத்துக்கு இடமுண்டு; இவனிடம் அதுவும் இல்லை.

லட்சுமி ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லை? இன்றைய பெண்களுக்கு அவளைப் பார்த்தால் எரிச்சல்தானே வரும்?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவிகள். எரிச்சல் வரட்டும், அது நல்லதே. ஆனால் அவளுக்கு எதிர்த்துப் பேசி எங்கே போக வழி இருந்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பிறந்த வீடு ஒன்றுதான் அவளுக்கு இருந்த மறுகரை. அந்த வீட்டில் மணமாகாத தங்கை இருக்கிறாள். அக்காள் வாழாவெட்டியாகத் திரும்பினால் தங்கையின் கல்யாணம் நின்றுபோகும் என்ற அச்சம் அக்காலத்தில் எல்லா வீடுகளிலும் இருந்தது. மேலும், அவன் ஆசைப்படுவதே அந்தத் தங்கையின் மேல். புகுந்த வீட்டில் இருந்தாலும் பிறந்த வீட்டுக்குப் போனாலும், அவளுடைய இருப்பே தங்கைக்கு ஆபத்தாகிவிடுகிறது. இப்படிப்பட்ட முடிச்சில் அகப்பட்ட பெண்ணுக்கு மௌனம் ஒன்றுதான் தன் கையில் மிச்சமிருக்கும் பொருள்.

சட்டத்தையும் பார்க்கலாம். கணவன் மனைவிக்கு இழைக்கும் கொடுமையைத் தனிக் குற்றமாக்கிய 498-ஏ பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது 1983-இல். படம் வந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. சொல்லாலும் மனத்தாலும் பணத்தாலும் செய்யப்படும் வன்முறையையும் வன்முறை என்றே ஏற்றுக்கொண்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல்தான் வந்தது. சுந்தரவடிவேலு செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. உடம்பில் தழும்பு விழாது; காவல் நிலையத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. 1979-இல் லட்சுமி ஒரு புகார் எழுத உட்கார்ந்திருந்தால், தனக்கு நடப்பது என்னவென்று சொல்ல அவளிடம் சட்டத்தின் சொல் எதுவும் இருந்திருக்காது.

என் தாயார் இந்தப் படத்தை வெளியான ஆண்டிலேயே கடலூரில் பார்த்தவர். லட்சுமியைப் பற்றி நான் ஒரு முறை குறைபட்டுக்கொண்டபோது, “அவ பேசலைன்னு யாருடா சொன்னது, கண்ணால பேசிக்கிட்டேதானே இருந்தா” என்றார். அதன் பிறகு படத்தை மறுபடி பார்த்தேன். அஸ்வினியின் நடிப்பை அன்றுதான் உண்மையில் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

மனைவி உயிரோடு இருக்கும்போது அவள் தங்கையையும் கட்டிக்கொள்வது அக்காலத்தில் சட்டப்படி செல்லுமா?

செல்லாது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்படி, முதல் மனைவி உயிரோடிருக்கையில் மணவிலக்குப் பெறாமல் செய்யும் இரண்டாம் திருமணம் செல்லாததும் தண்டனைக்குரியதும் ஆகும். புதுச்சேரியில் இதைப் பேசும்போது, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தங்கள் மரபு வழக்கைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்களைப் பற்றி யாராவது கேட்பார்கள். அந்தச் சட்டமும் முதல் திருமணம் முறியாமல் இரண்டாவதை ஒப்புக்கொள்வதில்லை.

ஆனால் ஊர் வழக்கம் வேறாக இருந்தது. மூத்தவளுக்கு நோய், பிள்ளையில்லை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லி இளையவளைக் கேட்பதைப் பெரியவர்கள் குற்றமாகக் கருதவில்லை. சில வீடுகளில் அதை ஒரு தியாகமாகவே பேசினார்கள். “அக்கா பிள்ளைகளை வேறு யார் பார்ப்பார்கள்?” என்ற ஒரு கேள்வியால் எத்தனையோ பெண்களின் வாழ்க்கை முடிவு செய்யப்பட்டிருக்கிறது. சுந்தரவடிவேலு அந்தக் கேள்வியைத்தான் கையில் எடுக்கிறான்.

இவ்வளவு கொடுமையைக் காட்டும் படம் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது?

மகேந்திரன் வந்த வழியைப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். 1958-இல் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் மாணவராக இருந்தபோது, எம்.ஜி.ஆர். மேடையில் அமர்ந்திருக்கையிலேயே தமிழ்ப் படங்களின் செயற்கைத்தனத்தைத் தாக்கிப் பேசியவர் அவர். எம்.ஜி.ஆர். சினம் கொள்ளாமல் பாராட்டினார். பின்னர்ச் சென்னையில் அவரை அடையாளம் கண்டு ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதும் பணியைக் கொடுத்தார். அப்படித் திரைக்குள் வந்தவர், ‘தங்கப்பதக்கம்’ போல வசனம் முழங்கும் கதைகளை எழுதித்தான் பெயர் பெற்றார். வசனத்தின் வலிமையை நன்கு அறிந்த ஒருவர், இயக்குநராக 1978-இல் ‘முள்ளும் மலரும்’ எடுத்தபோதும், அடுத்த ஆண்டு இதை எடுத்தபோதும், வசனத்தை வேண்டுமென்றே குறைத்தார்.

அந்தக் குறைப்பு அழகுக்காக மட்டும் செய்யப்பட்டதாக நான் நினைக்கவில்லை. அச்சம் நிறைந்த வீட்டில் உரத்த பேச்சு இருக்காது. அங்கே செருப்புச் சத்தம் கேட்டதும் குழந்தைகள் விளையாட்டை நிறுத்துவார்கள். சமையற்கட்டில் பாத்திரம் மெல்ல வைக்கப்படும். அந்த வீட்டின் ஓசையளவே படத்தின் ஓசையளவாகியிருக்கிறது.

ஒளிப்பதிவு, இசை பற்றி?

ஒளிப்பதிவு அசோக்குமார், அடுத்த ஆண்டு வெளியான மகேந்திரனின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ படத்துக்காகத் தேசிய விருது பெற்றவர். இசை இளையராஜா. எஸ். ஜானகி பாடிய ‘அழகிய கண்ணே’ இன்றும் நம் வீடுகளில் குழந்தையைத் தூங்கவைக்கப் பாடப்படுகிறது. ஆனால் படத்தில் கேட்கும்போது, தான் அதிக நாள் இருக்கப்போவதில்லை என்று அறிந்த ஒரு தாயின் பாட்டாக அது நெஞ்சை அறுக்கிறது. மௌனத்தை எங்கே நிரப்பக் கூடாது என்று அறிந்த இசையமைப்பாளர் கிடைத்தது மகேந்திரனின் பேறு.

செண்பகத்துக்கு நேரும் அவமானத்தைக் காட்டித்தான் ஆக வேண்டுமா?

இந்தக் கேள்வியைப் புதுச்சேரியில் ஒரு பெண் சற்றுக் கோபமாகவே கேட்டார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஓர் ஆணின் வீழ்ச்சிக்குக் காரணம் காட்ட ஒரு பெண்ணின் உடலை அவமதிப்பது நம் கதைகளின் பழைய பழக்கம். லட்சுமி அணு அணுவாகச் செத்தபோது திரளாத ஊர், செண்பகத்தின் சேலையில் கை வைத்த பிறகுதான் திரள்கிறது. வெளிப்படையாகத் தெரியும் மானபங்கம் ஊருக்குக் குற்றமாகத் தோன்றுகிறது, வீட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் நடந்த கொலை குடும்ப விவகாரமாகத் தோன்றுகிறது. இதைப் படம் உணர்ந்தே காட்டுகிறது என்று நான் நம்புகிறேன். ஆயினும், அந்தக் காட்சியைத் தாங்கிக்கொள்ள முடியாமல் எழுந்து போகிறவர்களை நாங்கள் ஒருபோதும் தடுத்ததில்லை. திரையிடுவதற்கு முன்பே அப்படியொரு காட்சி உண்டு என்று சொல்லிவிடுகிறோம்.

ஊரார் அவனுக்குக் கொடுத்த தண்டனை சரியா?

கைதட்டல் எழுவது இந்த இடத்தில்தான். அந்தக் கைதட்டல் பாதியில் அடங்கிப்போவதும் இந்த இடத்தில்தான். ஆற்றங்கரையில் நின்று அவன் ஊராரைப் பார்த்துச் சொல்வதன் சாரம் இது: இத்தனை நாளும் நல்லவர்களாக இருந்த உங்கள் எல்லாரையும் என்னைப் போலவே மாற்றிவிட்டேனே, நான் செய்த தவறுகளிலேயே பெரியது இதுதான்.

இதை அவனுடைய மனமாற்றம் என்று சிலர் கொள்கிறார்கள். கடைசி நேரத்திலும் ஊராரைக் குற்றவாளிகளாக்கிவிட்டுப் போகும் தந்திரம் என்று வேறு சிலர் வாதிடுகிறார்கள். கடலூரில் நடந்த ஒரு கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “அவர்கள் நல்லவர்களாக இருந்தார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறான்? லட்சுமி இருந்த வீட்டுக்கு முன்னால்தானே தினமும் நடந்து போனார்கள்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என் எண்ணத்தை மாற்றியது. அதுவரை, நல்ல ஊர் ஒன்று ஒரு கெட்டவனால் கறைபட்டது என்றே நான் படத்தைப் படித்து வந்தேன். இப்போது எனக்குத் தோன்றுவது வேறு. அவனுடைய அதிகாரம் ஊராரின் மௌனத்தால் கட்டப்பட்டது. ஆற்றங்கரையில் அவர்கள் முதல் முறையாக வாய் திறந்தபோது, அவன் கற்றுக்கொடுத்த மொழியைத் தவிர வேறு மொழி அவர்களுக்குத் தெரியவில்லை. அவனைக் காவல் நிலையத்துக்கு இழுத்துச் சென்றிருக்கலாம். தாளாளர் பதவியிலிருந்து இறக்கப் போராடியிருக்கலாம். லட்சுமி உயிரோடு இருந்தபோதே ஒருவராவது அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். எதையும் செய்யாதவர்கள் கடைசியில் செய்தது இது ஒன்றுதான்.

கெடிலமும் பெண்ணையாறும் கரையுடைத்து ஊருக்குள் வருவதைப் பார்த்து வளர்ந்த எங்கள் பகுதி மக்களுக்கு, நீந்தத் தெரியாத ஒருவனை ஆற்றில் இறங்கச் சொல்வதன் பொருள் நன்றாகவே தெரியும். அந்தக் காட்சியில் அரங்கில் ஏற்படும் அமைதிக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தலைப்புக்கு என்ன பொருள்?

பூக்கடையில் பூ இரண்டு விதமாகக் கிடைக்கும். தொடுத்த சரத்தை முழம் போட்டுத் தருவார்கள். தொடுக்காத உதிரியை நிறுத்துத் தருவார்கள். உதிரிப்பூவுக்கு மணமும் நிறமும் உண்டு, நார் மட்டும் இல்லை. தாய் போன பின் அந்த இரண்டு பிள்ளைகளின் நிலை அதுதான். லட்சுமியையும் செண்பகத்தையும்கூட அந்தக் கூடையில் சேர்க்கலாம் என்பது என் எண்ணம்.

குழந்தைகளுடன் பார்க்கலாமா?

பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுடன் பார்க்கலாம். பார்த்த பிறகு கட்டாயம் பேச வேண்டும்.

கடைசியில் அந்தக் குழந்தைகள் எங்கே போகிறார்கள்?

தகப்பனை ஆறு கொண்டுபோன பிறகு அண்ணனும் தங்கையும் ஆற்றங்கரையோரம் நடந்து போவதோடு படம் முடிகிறது. எங்கே போகிறார்கள் என்று படம் சொல்வதில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டு மாடியில் திரையிட்ட இரவில், அதுவரை சுவரோரம் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி, மற்றவர்கள் நீதியைப் பற்றியும் அதிகாரத்தைப் பற்றியும் வாதிட்டுக்கொண்டிருந்தபோது குறுக்கிட்டு, “அதெல்லாம் இருக்கட்டும், இந்த ராவுக்கு அதுங்களுக்கு யாரு சோறு போடுவா?” என்று கேட்டார். பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது. செண்பகம்தான் அழைத்துக்கொள்வாள் என்றார் ஒருவர். அவளுக்கு அந்த முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவன் முகம் நினைவுக்கு வருமே என்றார் இன்னொருவர். புதிதாக வந்த மனைவி என்ன ஆவாள் என்று அதுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆற்றங்கரையில் நின்ற அத்தனை பேரில் ஒருவர் வீட்டிலாவது அன்று உலை கொதித்திருக்கும், கூப்பிட்டு உட்கார வைத்திருக்க மாட்டார்களா என்று மூதாட்டியே மறுபடி கேட்டார். இறங்கிப் போக எழுந்தவர்கள்கூட மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். கீழ்வீட்டுக்காரர் வந்து விளக்கை அணைக்கச் சொன்னபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.